எர்ணாவூர் நாற்றத்திற்கு இட்ட பெயர்

கட்டுரை எழுதுகிறவர்களுக்கு எளிதில் அகப்படாதது நல்ல எடுத்துக்காட்டு ஒன்றுதான். வரையறை கிடைக்கும், வாய்பாடு கிடைக்கும், அறிஞர் பெயர்கள் வேண்டிய மட்டும் கிடைக்கும். படிப்பவர், "ஆம், இதை நானும் கண்டிருக்கிறேன்" என்று தலையசைக்கும்படியான எடுத்துக்காட்டுக்குத்தான் பஞ்சம். நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன், அம்மையீர்.

தாங்கள் என்னை அழைத்திருப்பது எர்ணாவூர் வாயுக் கசிவைப் பற்றி விசாரிப்பதற்கு. நானோ கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ண வேண்டா. இரண்டும் ஒரே செய்திதான். சற்றுப் பொறுத்துக் கேட்டால் விளங்கும்.

என் பெயர் கரோலின். திருவொற்றியூரில் தேரடிக்கு அருகே தனியாகக் குடியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தார் தெற்கேயிருந்து வந்து இராயபுரத்தில் மளிகை மொத்த வணிகம் செய்தவர்கள்; அவர்களுள் பள்ளிக்கூட வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான். ஓய்வு பெற்றபின், இணையத்தில் உள்ள தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைச் செப்பனிடுவதை வழக்கமாகக் கொண்டேன். அக்கலைக்களஞ்சியத்தை யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆதலால் யாராவது ஒருவர் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அதில் 'சமூகக் குறியிடல் மாதிரிகள்' என்றொரு கட்டுரை கேட்பாரற்றுக் கிடந்தது. யாரோ கணிப்பொறியைக் கொண்டு மொழிபெயர்த்து இட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கட்டுரை முழுவதையும் புதிதாக எழுதினேன்.

பொருள் கடினமானதன்று. பலர் கூடும் ஓர் இணையத்தளத்தில், ஒரு படத்திற்கோ செய்திக்கோ ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய குறிச்சொல்லை இடுகிறார்கள். கட்டளையிடுவார் எவருமில்லை. ஆயினும் சில நாட்களுக்குள் அனைவரும் இரண்டொரு சொற்களிலேயே வந்து நின்றுவிடுகிறார்கள். இஃது ஏன் என்பதற்கு அறிஞர்கள் இருவகையாக விடை கூறுவர். பொருளின் தன்மையை எல்லாரும் ஒன்றுபோல் அறிந்திருப்பதால் ஒரே சொல்லை இடுகிறார்கள் என்பது முதலாவது. முன்னவர் இட்டதைப் பார்த்துப் பின்னவரும் இடுகிறார் என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு ஒரு குடத்தை உவமை சொல்வார்கள். குடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில பந்துகள் இருக்கின்றன. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த நிறத்திலேயே இன்னொன்றையும் சேர்த்து இரண்டையும் உள்ளே போட வேண்டும். தொடக்கத்தில் கறுப்பு சற்று மிகுந்திருந்தால், பெரும்பாலும் இறுதிவரை கறுப்பே மிகும். கை எவருடையதாக இருந்தாலும் வேறுபாடு இல்லை.

கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கார்குழலி என்னும் பயனர் ஒரு குறிப்பு எழுதினார். அவரை நான் நேரில் கண்டதில்லை, மிகவும் கண்டிப்பானவர். 'நடை நன்று. எடுத்துக்காட்டுகள் யாவும் வெளிநாட்டுத் தளங்களைப் பற்றியவை. இவ்விரு விடைகளுள் நம் மக்களிடையே எது பொருந்துகிறது என்பதை வாசகர் எங்ஙனம் அறிவார்?' நியாயமான கேள்வி. அதற்கு விடை காண விரும்பியதைத் தவிர, எவருக்கும் தீங்கு செய்யும் எண்ணம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. இதைத் தயவுசெய்து அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அந்நாளில்தான் எழிலன் என் வீட்டிற்கு இணைய இணைப்புக்குக் கம்பி இழுக்க வந்தார். எர்ணாவூர் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் தாயோடும் மனைவியோடும் இருப்பவர். நல்ல சூட்டிகையான பிள்ளை. அந்தப் பக்கத்தில் வீசும் நாற்றங்களைப் பதிவு செய்வதற்கென்றே அவர் ஒரு தளம் அமைத்திருந்தார். அதற்கு 'மூக்கு' என்று பெயர் வைத்திருந்தார். நாற்றம் வந்தவுடன் கைப்பேசியைத் திறந்து, இடத்தைக் காட்டி, என்ன நாற்றம் என்று ஒரு சொல் இட வேண்டும். முன்னவர்கள் இட்ட சொற்கள் திரையில் தெரியும். பலர் இட்டது பெரிய எழுத்தில் தெரியும். அதையே அமுக்கலாம், வேண்டுமானால் புதிதாகத் தட்டச்சும் செய்யலாம்.

"ஒரே நாத்தத்துக்கு ஒம்போது பேரு வெச்சிக்கினு கீறாங்கோ டீச்சர்," என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். "கேஸு, கேஸ் நாத்தம், காஸ் வாசனை... பொல்யூசன் ஆபீஸ்ல போயி காட்னா, மொதல்ல எல்லாரும் ஒரே பேரா சொல்லுங்கோ, அப்பால வந்து பாக்கறோம்னு அனுப்பிட்றான். நீங்கதான் கட்டுரை எல்லாம் திருத்தறீங்களே, இத்தயும் கொஞ்சம் பாத்துக்கினா நல்லாருக்கும்."

இசைந்தேன். சொற்களைச் சேர்க்கவும் நீக்கவும் எனக்கு உரிமை கொடுத்தார். அவர் போனபின் சிறிது நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தேடிய குடம் என் முன்னே இருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். முதலில் இடப்படும் சொல் உண்மையான சொல்லாக இருந்தால், மேற்சொன்ன இரண்டு விடைகளும் ஒரே முடிவைத்தான் காட்டும். மக்கள் அறிந்து இட்டார்களா, பார்த்து இட்டார்களா என்று பிரித்தறிய வழியில்லை. முதற்சொல் பொய்யாக இருந்தால் மட்டுமே வேறுபாடு புலப்படும். இது விருப்பத்தைப் பொறுத்ததன்று, கணக்கு.

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு முற்பகலில் எழிலன் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், இங்க புச்சா ஒண்ணு வருது. மூக்குல ஊசி வுட்டா மாதிரி கீது, கண்ணுல தண்ணி வந்துகினே கீது. இன்னும் யாரும் பேரு வெக்கல. மதிலுக்கு அந்தாண்ட ஐஸ் குடோன்லேந்துதான்னு தோணுது."

குளிர்பதனக் கிடங்குகளில் அமோனியா பயன்படும் என்பது பள்ளி மாணவர்க்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. 'விசாரித்துச் சொல்கிறேன், தம்பி' என்று கூறித் தொலைபேசியை வைத்தேன். பிறகு, முன்பே உருவாக்கி வைத்திருந்த மூன்று பயனர் பெயர்களால் ஐந்து இடங்களில் 'கருவாடு' என்று இட்டேன். அவ்வளவுதான். நான் குடத்தில் போட்ட பந்துகள் இந்த ஐந்தே. மற்றவை எல்லாம் மக்கள் போட்டவை.

ஏன் கருவாடு என்று கேட்பீர்கள். பொய்யான சொல் வேண்டும். ஆயினும் நம்பத்தக்கதாக வேண்டும். குடியிருப்புக்குப் பின்னால், கழிமுகத்தை ஒட்டிய மேட்டில், பெண்கள் சிலர் மீன் காயவைப்பார்கள். அவர்களுள் எழிலனின் தாயார் பட்டம்மாளும் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். அவர் காயவைத்த நெத்திலியை எழிலன் ஒரு முறை எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சுவையாக இருந்தது. எனினும் நான் இட்டது ஒரு பண்டத்தின் பெயரேயன்றி ஆளின் பெயர் அன்று.

அன்று பொழுது சாய்வதற்குள் அச்சொல் திரையில் வளர்ந்துவிட்டது. கண் கலங்க, தொண்டை கமற நின்றவர்கள், கைப்பேசியைத் திறந்ததும் பெரிய எழுத்தில் கண்டதை அமுக்கினார்கள். தட்டச்சு செய்வதைவிட அமுக்குவது எளிது. அதுவுமன்றி, மணலி ஆலைக் காற்றையும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் பிறந்தது முதல் சுவாசிப்பவர்கள் தங்கள் மூக்கை அவ்வளவாக நம்புவதில்லை. ஊர் என்ன பெயர் சொல்கிறதோ அதுதான் நாற்றம்.

மறுநாள் எழிலனே அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. "நாந்தான் டீச்சர் தப்பா நெனச்சிட்டேன். எல்லாரும் கருவாடுன்னுதான் அமுக்கறாங்கோ. எங்கம்மா சரக்குதான் போல கீது." தாம் அமைத்த தளத்தைத் தம் மூக்கைவிட அவர் மதித்தார். படித்த பிள்ளைகளிடம் இந்தப் பணிவு அரிது.

அதன்பின் பட்டம்மாளை அக்கம்பக்கத்தார் கேலி செய்யத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் அலி அக்பர், "யம்மா, கூடையத் தூக்கி மேல கட்டு, இல்லன்னா சவாரி எல்லாம் எறங்கி ஓடிடும்" என்பாராம். தண்ணீர்க் குழாயடியில், "இன்னா பட்டு, இன்னிக்கு வாளை மீனா, காரப்பொடி மீனா? பில்டிங்கே அழுவுதே" என்று பெண்கள் சிரிப்பார்களாம். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு குடியிருப்புச் சங்கத்தின் தலைவரான கடைக்காரர் மாசானம் சிலரை அழைத்துச் சென்று காயவைக்கும் பந்தலைப் பிரித்துப் போட்டார். "ஏம்மா, நானும் வியாபாரம் பண்ணுதவந்தான். ஊரு மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கையில உங்க பொழப்புதான் பெருசா?" என்று அவர் கேட்டபோது எழிலனும் அங்கேதான் நின்றிருந்தார்.

அந்த வாரம் பட்டம்மாள் என் வீட்டிற்கு வந்தார். பேருந்தில் ஏற்ற மறுத்ததால் எர்ணாவூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை என் மேசைமேல் வைத்தார்.

"மோந்து பாரு டீச்சரம்மா. நீயே சொல்லு. இது கண்ண எரியவெக்குமா?"

முகர்ந்தேன். உப்பும் வெயிலும் கடலும் கலந்த மணம்.

"இல்லை," என்றேன்.

"அப்ப அந்தப் பேர எட்த்துடு. எம் புள்ள சொன்னான், டீச்சர் கையிலதான் சாவி கீதுன்னு. நாலு வருசமா அவன் அப்பன் இல்ல, இந்த மீனை வித்துத்தான் வூட்டுல ஒல வெச்சேன். இப்ப எம் புள்ளயே என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான். ஒரு பேரு தானே? எட்த்துடேன்."

"அம்மா, அது மக்கள் கூடி இட்ட பெயர். என்னால் எடுக்க முடியாது," என்றேன். குடத்தின் கதையையும் அவருக்கு எளிய தமிழில் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்பிடின்னா மொதப் பந்த போட்டவன் யாரு?" என்றார்.

"அது முக்கியமன்று," என்றேன்.

என்னால் எடுக்க முடியாது என்றது பொய்யன்று. பாதி ஆய்வில் கைவைக்கக் கூடாது என்பதையே அவ்வாறு சொன்னேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமலே எழுந்து போனார். கருவாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

பந்தலைப் பிரித்தபின்னும் நாற்றம் வந்தது. எர்ணாவூர் மேட்டில் ஒரு மீன்கூட இல்லாத நாட்களிலும், நாற்றம் வரும்போதெல்லாம் மக்கள் 'கருவாடு' என்றே அமுக்கினார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது என்று சொன்னால் மிகையாகாது. இவ்வளவு தெளிவான முடிவை வெளிநாட்டு ஆய்வு எதிலும் நான் கண்டதில்லை. உடனே கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தேன். எவர் பெயரும் குறிப்பிடாமல், 'வடசென்னையின் ஒரு குடியிருப்பில்' என்று மட்டுமே எழுதினேன். கார்குழலி அன்றைக்கே அதை நீக்கிவிட்டார். 'இது சொந்த ஆய்வு. அச்சில் வெளிவந்த நம்பகமான நூலோ செய்தியோ அறிக்கையோ இதைக் கூறியிருந்தாலன்றிச் சேர்க்க இயலாது' என்பது அவர் தந்த காரணம்.

அவர் செய்தது முற்றிலும் சரி. கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர் தாம் கண்டதை எழுதக் கூடாது. பிறர் கண்டு வெளியிட்டதையே எழுத வேண்டும். ஆகவே யாரேனும் இதை எழுதும்வரை காத்திருக்கத் தீர்மானித்தேன். கருவாட்டு நாற்றத்தை எந்தச் செய்தியாளர் எழுதுவார்? அதற்கு நிகழ்ச்சி இன்னும் சற்றுப் பெரிதாக வேண்டியிருந்தது. பெரிதாக்க நான் ஒன்றும் செய்யவில்லை. நிறுத்தவும் இல்லை.

மனச்சான்றுக்காக ஒரு முறை, என் சொந்தப் பெயரில், 'அமோனியா' என்று இட்டுப் பார்த்தேன். ஒருவரும் அதை அமுக்கவில்லை. குடம் நிறைந்துவிட்டது, இனி என் கையில் ஒன்றுமில்லை என்று அன்று உணர்ந்தேன். அந்த இயலாமை எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னேன். வாக்குமூலம் குறையாக இருத்தல் ஆகாது.

வேறு சொற்களை மக்கள் இடாமல் இல்லை. தொடக்கத்தில் பலர் இட்டார்கள். 'கண் எரிச்சல்' என்று இட்டார்கள். எழிலனின் மனைவி செங்கொடி அதையே பலமுறை இட்டாள். 'மூச்சு முட்டுது' என்று இட்டார்கள். 'மூத்திர நாத்தம்', 'ஐஸ் குடோன்' என்றும் இட்டார்கள். அவற்றை நான் நாள்தோறும் காலையில் நீக்கினேன். கண் எரிச்சல் என்பது நாற்றத்தின் பெயரன்று, கண்ணின் நிலை. மூச்சு முட்டுவது நெஞ்சின் நிலை. ஐஸ் குடோன் என்பது ஓர் இடம். மூத்திரம் என்பது அவையில் சொல்லத் தகாத சொல். இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. காரணமில்லாமல் ஒரு சொல்லையும் நான் நீக்கியதில்லை. சொற்களை ஒழுங்குபடுத்தத்தானே எழிலன் என்னிடம் ஒப்படைத்தார்?

தைப் பொங்கலுக்குப் பின் ஒரு நாள் எழிலனின் வீட்டிற்குப் போனேன். பட்டம்மாள் மாடிப்படிக்குக் கீழே உள்ள சிற்றறையின் வாசலில் அமர்ந்து, விற்காமல் மிஞ்சிய ஒரே மூட்டைக் கருவாட்டை நெகிழித் தாளின்மேல் நெகிழித் தாளாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கைகளைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது.

"நீ சொன்னது நெசந்தான் டீச்சரம்மா," என்றார். நான் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. "பந்தல் போயும் நாத்தம் போவல பாரு. என் மேலயே கீது அது. இத்தினி ஜனம் பொய்யா சொல்லும்? எனக்குத்தான் மூக்கு செத்துப்பூட்ச்சி."

செங்கொடி உள்ளிருந்து, "அத்தே, சும்மா கெட. மீனுல எங்கனா கண்ணு எரியுமா?" என்றாள்.

"நீ கெடடி, நீயும் இந்த வூட்டு சோத்த துன்னுதான மூக்கு மரத்துப் போய்க்கீது," என்றார் பட்டம்மாள். சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார்.

செங்கொடியின் கைப்பேசியை வாங்கி, இந்த நாற்றம் வந்தால் எதை அமுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். அன்று முதல் அவரும் குறியிடலானார். உண்மையை ஊரில் மற்ற யாரினும் உறுதியாக அறிந்திருந்தவர் அவர். அவரும் வந்து சேர்ந்துவிட்டார். இதைவிட வலுவான சான்றை எந்த ஆய்வாளர்தான் எதிர்பார்க்க முடியும்?

கசிவு ஏற்பட்ட நாளின் நிகழ்ச்சிகள் தங்களுக்குத் தெரிந்தவை. பிற்பகலில் கிடங்கின் குழாய் வெடித்தது. குடியிருப்பு மக்கள் ஈரத் துணியை மூக்கில் பொத்திக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினார்கள். செங்கொடி அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். அங்கே பட்டம்மாள் கையை உதறினார் என்பதை அவளே தங்கள் முன் அழுதுகொண்டு சொன்னாள். "ஜனம் பூரா என்னாலதான் ஓடிக்கினு கீது. நீ போ. நான் அந்த மூட்டையத் தூக்கிக் கழியில எறிஞ்சிட்டு வர்றேன், எல்லாம் சரியாப்பூடும்," என்றாராம்.

சிற்றறையின் சாளரம் கிடங்கின் மதிலை நோக்கியது. அங்கேதான் அவரைக் கண்டார்கள். மூட்டையை இரு கையாலும் தழுவியவாறு கிடந்தார் என்கிறார்கள். செங்கொடியின் கைப்பேசி அவர் இடுப்பில் இருந்தது. உள்ளே போவதற்கு முன் அவர் குறியிட்டிருக்கிறார். அன்று எர்ணாவூரிலிருந்து வந்த கடைசிக் குறிச்சொல் அவருடையதே: கருவாடு.

முன்னமே அமோனியா என்று ஊரார் சொல்லியிருந்தால் அதிகாரிகள் வந்து பார்த்திருப்பார்கள், குழாயை மாற்றியிருப்பார்கள், இந்த உயிர் போயிருக்காது என்று தாங்கள் கருதலாம். நானும் அவ்வாறே கருதுகிறேன். எழிலன் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை. "நான்தான் டீச்சர் எங்கம்மாவக் கொன்னுட்டேன். அந்தத் தளத்த வெச்சவன் நான்தானே," என்று படியில் தலையை முட்டிக்கொண்டார். 'இல்லை, தம்பி, நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசற்படியில் சொன்னது சான்றாகாதே.

அதனால்தான் தாங்கள் அழைக்குமுன்பே நானாக மனு எழுதிக் கொடுத்தேன், அழைத்ததும் இங்கே வந்திருக்கிறேன். தண்டனையைக் குறைக்கக் கோரி வரவில்லை. ஐந்து பொய்க் குறிகளை இட்டவள் நான். மற்ற சொற்களை நீக்கியவள் நான். கெஞ்சி வந்த பட்டம்மாளைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியவளும் நான். அவர் சாவுக்குக் காரணம் நானே. என் பெயரை மறைக்காமல் முழுமையாக எழுதுங்கள். நிகழ்ச்சிகளையும் சொற்களையும் நான் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள், சுருக்கிவிட வேண்டா.

விசாரணை அறிக்கை அச்சாகிப் பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்று அறிவிப்பில் படித்தேன். வந்ததும், பட்டம்மாள் தாமே குறியிட்ட பகுதி எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கார்குழலிக்கு அந்த உரையாடல் பக்கத்தில் ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். நானே அதைக் கட்டுரையில் சேர்ப்பது முறையாகாது. எனக்கு இதில் தொடர்பு இருக்கிறது அல்லவா.